முதுகில் சுமக்கும் எஞ்சின்: இலை ஊதும் கருவிகளுக்கு வந்திருக்கும் தடையைப் புரிந்துகொள்ள

பெட்ரோலில் இயங்கும் இலை ஊதும் கருவியைக் கலிபோர்னியா தடைசெய்துவிட்டது என்ற செய்தி, 2021ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புதிதாக வந்ததுபோல் வலம்வருகிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவியைப் பயன்படுத்தினால் அபராதம் உண்டா, பனி தள்ளும் இயந்திரத்துக்கும் மரம் அறுக்கும் வாளுக்கும் இதே விதிதானா, பேட்டரிக் கருவி உண்மையிலேயே ஈடுகொடுக்குமா என்ற கேள்விகளும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களுக்கு இது நேரடியான வீட்டுச் செலவுப் பிரச்சினை.

வாதத்தின் ஒரு பக்கத்தில் தூக்கம் கலைந்த அண்டை வீட்டுக்காரர் நிற்கிறார். மறுபக்கத்தில் கருவி விற்கும் நிறுவனம் நிற்கிறது. ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் அந்த எஞ்சினை முதுகில் சுமந்து நடக்கும் தோட்டத் தொழிலாளியைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. புகையை முதலில் சுவாசிப்பவர் அவர். இரைச்சலை மிக அருகிலிருந்து கேட்பவர் அவர். புதுக் கருவிக்குப் பணம் கட்ட வேண்டியவரும் அவரே. சட்டம் நல்லதா கெட்டதா என்பதை அவர் நிற்கும் இடத்திலிருந்து அளந்தால்தான் கணக்கு சரியாக வரும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கருவி எது, எங்கிருந்து வந்தது

இலை ஊதும் கருவி என்பது, சிறிய எஞ்சின் அல்லது மோட்டார் ஒரு விசிறியைச் சுழற்ற, அந்தக் காற்று நீண்ட குழாய் வழியாக வேகமாக வெளிவரும் கருவியாகும். நடைமுறையில் எல்லோரும் புளோயர் என்றே சொல்கிறார்கள். இங்கும் அந்தச் சொல்லையே பயன்படுத்தலாம். கையில் பிடிப்பது, முதுகில் மாட்டுவது, சக்கரம் வைத்துத் தள்ளுவது என இதில் மூன்று வகை உண்டு. முற்றம், புல்வெளி, வீட்டு வாசலிலிருந்து தெரு வரை கார் ஏறி இறங்கும் டிரைவ்வே ஆகியவற்றில் விழும் சருகையும் தூசியையும் ஒதுக்குவதே இதன் வேலை.

நம் ஊர் வயலில் பருத்திக்கோ நெல்லுக்கோ மருந்தடிக்க முதுகில் மாட்டிக்கொள்ளும் பவர் ஸ்பிரேயரைப் பார்த்தவர்களுக்கு முதுகுப் புளோயரை அடையாளம் காண்பது எளிது, ஏனெனில் இரண்டும் ஒரே குடும்பம். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர்கள் இக்கருவியை உருவாக்க, அது தோட்டப் பராமரிப்புக் கருவியாக அமெரிக்கச் சந்தைக்குப் போயிற்று. அங்கே அது வேரூன்றியதற்கு வறட்சி ஒரு காரணம். அந்தப் பத்தாண்டில் கலிபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டு, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி டிரைவ்வேயைக் கழுவுவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது, தண்ணீர் செய்த வேலையைக் காற்று எடுத்துக்கொண்டது. எதிர்ப்பும் உடனே எழுந்தது: கார்மல்-பை-தி-சீ என்னும் கடற்கரைச் சிற்றூர் 1975லேயே இரைச்சலைக் காரணம் காட்டி இதைத் தடைசெய்தது. ஆகவே இன்றைய சர்ச்சைக்கு வயது ஐம்பது.

டூ-ஸ்ட்ரோக்: எரியாமலே தப்பிப்போகும் பெட்ரோல்

சர்ச்சையின் மையம் காற்றும் இல்லை, சருகும் இல்லை, டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான். பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு 2டி ஆயில் கலந்து ஊற்றச் சொன்ன காலம் நினைவிருப்பவர்களுக்கு, பழைய ஆட்டோக்களின் பின்னால் எழும் நீலப் புகையும் நினைவிருக்கும். புளோயரிலும் அதே எஞ்சின், அதே நீலப் புகை. அது ஏன் அவ்வளவு புகைகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிபொருளை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியேற்றுவது ஆகிய நான்கும் பிஸ்டனின் நான்கு தனித்தனி அசைவுகளில் நடக்கின்றன. டூ-ஸ்ட்ரோக்கில் இவை இரண்டே அசைவுகளில் முடிந்தாக வேண்டும்.

2. அதனால் எரிந்த புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. உள்ளே வரும் பெட்ரோல் கலவையே பழைய புகையைத் தள்ளி வெளியேற்றும் வேலையையும் செய்கிறது.

3. அப்படித் தள்ளும்போது புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியே போய்விடுகிறது. சாதாரண வடிவமைப்பில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். மூன்று லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் அளவுக்கு ஆவியாகவும் துளியாகவும் காற்றில் கலக்கக்கூடும் என்று பொருள்.

4. எஞ்சினுக்குள் உயவுக்கென்று தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பதுபோன்ற விகிதத்தில் முன்கூட்டியே கலந்து ஊற்றுகிறோம். அந்த எண்ணெயும் பாதி எரிந்தும் எரியாமலும் நீலப் புகையாக, நுண்துகளாக வெளிவருகிறது.

இவ்வளவு குறை இருந்தும் இந்த எஞ்சின் கைக்கருவிகளில் நிலைத்ததற்குக் காரணம் அதன் எடை. வால்வு இல்லை, எண்ணெய்த் தொட்டி இல்லை, சாய்த்தாலும் கவிழ்த்தாலும் ஓடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை விசை கிடைக்கிறது. சாலை வாகனங்களில் மட்டும் இதற்குக் காலம் முடிந்துவிட்டது. டாக்கா நகரம் 2003 தொடக்கத்தில் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களை வெளியேற்றியது. இலங்கை 2008 முதல் அவ்வகை முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியது. தமிழ்நாட்டில் மூட்டையும் பால்கேனும் சுமந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். கூட 2015இல் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியது. சாலையில் செல்லாத கருவிகளை மட்டும் ஒழுங்குமுறை நெடுங்காலம் தளர்வாகவே விட்டிருந்தது. இப்போதைய சட்டங்கள் அந்த இடைவெளியைத்தான் அடைக்க முயல்கின்றன.

காருடன் ஒப்பிடுவது எதைச் சொல்கிறது

கலிபோர்னியக் காற்று வள வாரியம் ஒரு கணக்கைப் பல ஆண்டுகளாக முன்வைத்துவருகிறது. அதிகம் விற்கும் தொழில்முறைப் புளோயரை ஒரு மணி நேரம் இயக்கினால் வெளியாகும் புகைமூட்ட மாசு, 2016ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி காரை ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர், அதாவது லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டென்வர் வரை ஓட்டுவதற்குச் சமம் என்பது அக்கணக்கு. எட்மண்ட்ஸ் என்ற கார் ஆய்வு நிறுவனம் 2011இல் செய்த சோதனையிலும், ஒரு டூ-ஸ்ட்ரோக் புளோயர் 6.2 லிட்டர் எஞ்சின் கொண்ட ஃபோர்டு ராப்டர் பிக்-அப் வண்டியைவிட ஏறத்தாழ 300 மடங்கு அதிக ஹைட்ரோகார்பனை வெளியிட்டது.

இந்த எண்கள் உண்மைதான், ஆனால் இவற்றைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே படிக்கிறார்கள். இங்கு ஒப்பிடப்படுவது புவி வெப்பமாதலுக்குக் காரணமான கார்பன் டை ஆக்சைடு அன்று. புளோயர் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு லிட்டர் பெட்ரோல்தான் குடிக்கும். கேம்ரி 1,770 கிலோமீட்டர் ஓட நூறு லிட்டருக்கும் மேல் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குடித்த பெட்ரோலின் அளவைப் பொறுத்தது என்பதால், அந்தக் கணக்கில் கார்தான் பல மடங்கு முன்னால் நிற்கும்.

ஒப்பிடப்படுவது புகைமூட்டத்தை உண்டாக்கும் பொருட்கள். எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. வான் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்கருகே வந்தால் நுரையீரலை அரிக்கும். மலைகள் சூழ்ந்து காற்று தேங்கி நிற்கும் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பள்ளத்தாக்கு நகரங்களில் இது ஆஸ்துமா நோயாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பும் விஷயம். காரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் வினையூக்கிப் பெட்டி இந்தப் பொருட்களில் பெரும்பகுதியைச் சைலன்சருக்கு முன்பே சிதைத்துவிடுகிறது. புளோயரில் அதற்கு ஈடான ஏற்பாடு இல்லை. கார்கள் தூய்மையாகிக்கொண்டே வர, சிறு எஞ்சின்கள் இருந்த இடத்திலேயே நின்றதால்தான் ஒப்பீடு இப்படி வானத்துக்கும் பூமிக்கும் போனது. வாரியத்தின் கணக்குப்படி கலிபோர்னியாவில் பயணிகள் கார்கள் 1.37 கோடி, சிறு எஞ்சின்கள் 1.67 கோடி.

தொழிலாளிக்கு இதைவிடப் பக்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. காரின் சைலன்சர் ஓட்டுநருக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி இருக்கிறது. முதுகுப் புளோயரின் சைலன்சர் அவருடைய தோள்பட்டைக்குக் கீழே ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. காற்று எதிர்த்திசையில் அடித்தால் பென்சீன், கார்பன் மோனாக்சைடு, எண்ணெய்ப் புகை எல்லாம் நேராக மூக்குக்கு வந்துசேரும். வேலை முடிந்து சட்டையைக் கழற்றும்போது முதுகுப்புறத் துணியில் பெட்ரோல் வாடை தங்கியிருக்கும். நகரின் சராசரிக் காற்றைப் பற்றிய எந்த அட்டவணையிலும் இந்த ஒரு முழ தூரம் இடம்பெறுவதில்லை.

இரைச்சல்: 50 அடிக்கும் 3 அடிக்கும் உள்ள வேறுபாடு

கருவியின் பெட்டியில் 65 டெசிபல், 75 டெசிபல் என்று அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்கத் தரப்படி இது 50 அடி தள்ளி நின்று அளந்த எண். அதாவது பக்கத்து வீட்டுக்காரரின் எண். டெசிபல் சாதாரணக் கூட்டல் அளவும் அன்று: பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. திறந்தவெளியில் தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் ஏறும். 50 அடியிலிருந்து 25, 12, 6, 3 அடி என்று நான்கு முறை பாதியாக்கினால் 24 டெசிபல் கூடுகிறது. பெட்டியில் 75 என்றிருந்தால், மூன்றடியில் அது 99.

அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் கூடுந்தோறும் அனுமதி நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி. நம் கணக்கிலுள்ள 99 டெசிபலை, காதுக்குக் காப்பு இல்லாமல், அரை மணி நேரம்கூடக் கேட்கக் கூடாது.

அண்டை வீட்டாரின் புகாருக்கும் இயற்பியல் காரணம் உண்டு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும்போது நொடிக்கு ஏறத்தாழ 117 முறை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த சுருதிக்கு அலைநீளம் மூன்று மீட்டர். அது சன்னலையும் மெல்லிய சுவரையும் எளிதாகக் கடந்துவிடும். மின் மோட்டார் புளோயரின் விசிறிச் சத்தம் பெரும்பாலும் உயர்ந்த சுருதி என்பதால் தூரத்திலும் சுவரிலும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. எனவே இரண்டு கருவிகளுக்கும் பெட்டியில் ஒரே டெசிபல் போட்டிருந்தாலும், வீட்டுக்குள் இருப்பவருக்கு அவை ஒன்றாகக் கேட்காது.

சட்டம் எதைத் தடுக்கிறது: மூன்று வகை

குழப்பத்தின் பெரும்பகுதி, மூன்று வேறு வகைச் சட்டங்களுக்கும் தடை என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் வருகிறது.

1. விற்பனையைத் தடுக்கும் சட்டம். கலிபோர்னியா இந்த வகை. ஏ.பி. 1346 என்ற மசோதாவில் ஆளுநர் கேவின் நியூசம் 2021 அக்டோபர் 9 அன்று கையெழுத்திட்டார். அதன்படி காற்று வள வாரியம் அதே ஆண்டு டிசம்பரில் விதிகளை ஏற்றது. 25 குதிரைத்திறன் அல்லது அதற்குக் குறைந்த சிறு எஞ்சின் கருவிகளில் பெரும்பாலானவை, 2024 மாடல் ஆண்டு முதல் புகையே வெளியிடாதவையாக இருக்க வேண்டும். ஜெனரேட்டர்களுக்கும் உயரழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் பெரிய கருவிகளுக்கும் 2028 வரை அவகாசம் உண்டு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்ரோல் கருவியைப் பயன்படுத்த இந்த விதி தடை போடவில்லை. மரம் அறுக்கும் பெரிய எஞ்சின் வாள்களுக்கும் இது பொருந்தாது. விவசாய, கட்டுமானக் கருவிகளின் சிறு எஞ்சின்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்தியச் சட்டம் மாநிலங்களுக்குத் தரவில்லை, அந்தப் பட்டியலில் 45 சி.சி.யும் அதற்கு மேலும் எஞ்சின் கொள்ளளவு உள்ள இந்த வாள்கள் அடங்கும்.

2. பயன்பாட்டைத் தடுக்கும் சட்டம். தலைநகர் வாஷிங்டன் டி.சி. இந்த வகை. 2018இல் இயற்றிய சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது; அங்கே பெட்ரோல் புளோயரை விற்பதும் குற்றம், இயக்குவதும் குற்றம், 500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். அருகிலுள்ள மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்டி, 2024 ஜூலையில் விற்பனையையும் 2025 ஜூலையில் பயன்பாட்டையும் நிறுத்தியது.

3. நேரத்தையும் இடத்தையும் பருவத்தையும் வரையறுக்கும் சட்டம். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1998 முதல், குடியிருப்பிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் புளோயருக்கு இடமில்லை. ஜெர்மனியில் குடியிருப்புப் பகுதிகளில், சுற்றுச்சூழல் முத்திரை பெறாத புளோயரை வேலை நாட்களில் காலை 9 முதல் 1 வரையும் மாலை 3 முதல் 5 வரையும் மட்டுமே இயக்கலாம். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து, 2026 தொடங்கி ஜனவரி முதல் செப்டம்பர் வரை தடுத்து, ஈரச் சருகு குவியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அனுமதித்து, 2028இல் முழுத் தடைக்குப் போகுமாறு 2024இல் சட்டம் இயற்றியது.

போர்ட்லாந்தின் ஏற்பாடே இவற்றில் மிகவும் யோசித்துச் செய்யப்பட்டது. காய்ந்த சருகை எந்தக் கருவியும் நகர்த்தும். மழையில் ஊறி சிமென்ட் தரையோடு அப்பளம்போல் ஒட்டிக்கொண்ட மேப்பிள் இலையைப் பெயர்ப்பதற்குத்தான் முழு வலு வேண்டும். அந்த மூன்று மாதங்களை மட்டும் இரண்டு ஆண்டுகளுக்கு விட்டுவைத்தது, தெருவில் வேலை செய்பவரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட அறிகுறி. எதிர்த்திசையில் போன மாநிலங்களும் உண்டு: டெக்சாஸும் ஜார்ஜியாவும் 2023இல், உள்ளூராட்சிகள் இப்படித் தடை விதிக்க முடியாதபடி மாநிலச் சட்டம் இயற்றின.

பேட்டரி ஈடுகொடுக்குமா: ஒரு கணக்கு

விற்பனைப் பெட்டியில் இரண்டு எண்கள் முந்தி நிற்கும்: நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று, மணிக்கு இத்தனை மைல் வேகம். முதலாவது எவ்வளவு காற்று என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எவ்வளவு வேகம் என்பதை. சருகைத் தள்ளும் விசை இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது. குழாயின் முனையைக் குறுக்கினால் வேகம் கூடும், அளவு குறையும். வேகத்தை மட்டும் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் கருவி, குவியலைத் தள்ளும்போது ஏமாற்றும்.

நிமிடத்துக்கு 600 கன அடி, மணிக்கு 150 மைல் என்று எடுத்துக்கொள்வோம். நொடிக்குச் சுமார் 340 கிராம் காற்று, நொடிக்கு 67 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்தக் காற்றின் இயக்க ஆற்றல் மட்டும் ஏறத்தாழ 760 வாட். விசிறியிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். 56 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்று எழுதிய பேட்டரி, இரண்டையும் பெருக்கினால், 280 வாட்-மணி கொண்டது. முழு வேகத்தில் அது கால் மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும்.

அப்படியானால் பெட்டியில் 90 நிமிடம் என்று போட்டிருப்பது பொய்யா என்றால், பொய் இல்லை. ஆனால் அது குறைந்த வேகத்துக்கான எண். விசிறி இழுக்கும் திறன் அதன் சுழற்சி வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது: வேகத்தைப் பாதியாக்கினால் திறன் எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும், ஓடும் நேரம் எட்டு மடங்காகிவிடும். சிமென்ட் தரையில் காய்ந்த சருகைத் தள்ள பாதி வேகமே போதும் என்பதால், சொந்த வீட்டைச் சுத்தம் செய்பவருக்கு இந்தக் கணக்கு முழுக்கச் சாதகமானது. சுவிட்சைத் தேவையானபோது மட்டும் விட்டு விட்டு அழுத்தினால், ஒரு சின்ன பேட்டரியே முன்வாசலையும் பின்முற்றத்தையும் முடித்துக்கொடுக்கும்.

தொழிலாளியின் கணக்கு வேறு. இரண்டு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 18 கிலோவாட்-மணி வெப்ப ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் 15 சதவீதத்தை மட்டும் வேலையாக மாற்றினாலும் 2.7 கிலோவாட்-மணி, 280 வாட்-மணிப் பேட்டரி பத்துக்குச் சமம். அந்தத் தொட்டியை நிரப்ப ஒரு நிமிடம் போதும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போகிறவர், முழு விசையில் மொத்தம் இரண்டு மணி நேரம் ஊதினாலே, எட்டு ஒன்பது பேட்டரிகளை வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும், அல்லது வழியில் சார்ஜ் ஏற்ற இடம் தேட வேண்டும். எஞ்சின் எண்ணெய், ஸ்பார்க் பிளக், கார்பரேட்டர் சுத்தம் ஆகிய செலவுகள் மிச்சமாகும் என்பது உண்மை. அந்த மிச்சம் சில ஆண்டுகளில் கைக்கு வரும், முதலீடு முதல் நாளிலேயே வேண்டும்.

பனிக்காலம்: அதே பேட்டரி, வேறு வேலை

கனடாவில் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் இருக்கும் தமிழ் வீடுகளுக்குச் சருகு சில வாரத் தொல்லை. பனி நான்கைந்து மாத வேலை. ஒரே பேட்டரியைப் புளோயர், புல் செதுக்கி, கைப்பிடிப் பனித்தள்ளி எல்லாவற்றுக்கும் மாற்றி மாட்டலாம் என்று விற்கிறார்கள், அது பயனுள்ளதுதான். ஆனால் எந்தக் கருவி எதைச் செய்யும் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

6 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள டிரைவ்வேயில் 15 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 9 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால் 900 கிலோ. ஈரப்பனி 300 கிலோ என்றால் 2,700 கிலோ. கைமண்வாரியால் அள்ளுவது என்றால் இத்தனையையும் ஒருவர் இடுப்பால் தூக்குகிறார். கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான தரவை வைத்து 2017இல் வெளியான ஆய்வொன்று, 20 சென்டிமீட்டர் பனி பெய்த மறுநாள், மாரடைப்பால் இறக்கும் ஆண்களின் எண்ணிக்கை 34 சதவீதம் கூடுவதைக் கண்டது. இதய நோய் உள்ளவர்கள், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த எண்ணைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புளோயர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உலர்பனியை மட்டும், அது காலடியில் மிதிபடும் முன்பே, தள்ளிவிடும். காரின் மேலும் படிக்கட்டிலும் இருக்கும் தூள்பனிக்கு அது மிக நல்ல கருவி. சிறிய உருளை சுழன்று பனியை முன்னால் எறியும் மின் மண்வாரி, கணுக்கால் அளவுப் பனி வரை தாங்கும். நகராட்சி வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது, வாசலை மறித்து ஒதுக்கிவிட்டுப் போகும் பனிவரப்பு இறுகிய கட்டி. அதற்கு இந்தக் கைக்கருவிகள் போதாது, சக்கரம் வைத்த இயந்திரமோ கடப்பாரையும் மண்வாரியுமோ வேண்டும்.

லித்தியம் பேட்டரி குளிரில் வலுவிழக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதைவிட முக்கியம், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் ஏற்படும். கருவி கராஜில் கிடக்கலாம். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் சார்ஜரில் பொருத்த வேண்டும். பனி கொட்டும் காலையில் கராஜிலிருந்து எடுத்த பேட்டரி வேலை செய்யவில்லை என்ற புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

செலவை யார் ஏற்பது

1998 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸ் தடைச் சட்டத்தை எதிர்த்துத் தோட்டத் தொழிலாளர்கள் நகர மன்றக் கட்டடத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறியவர்கள். ஒரு பிக்-அப் வண்டி, ஒரு புளோயர், ஒரு புல்வெட்டி, அவ்வளவுதான் முதல். தங்கள் நுரையீரலைக் கெடுத்த கருவிக்காகவே அவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்பதை யோசித்தால், கூலிக்கும் உடலுக்கும் இடையில் அவர்களுக்கு விடப்பட்டிருந்த தெரிவு எவ்வளவு குறுகியது என்பது புரியும். கையால் பெருக்கினால் வேலை நேரம் கூடும், வீட்டுக்காரர் தரும் மாதக் கட்டணம் கூடாது. இதுதான் அவர்களுடைய வாதம், அதில் தவறே இல்லை. சட்டம் புத்தகத்தில் நின்றது. தெருவில் பெரிதாக நடைமுறைக்கு வரவில்லை.

2021 சட்டம் அந்தப் பாடத்தை ஓரளவு கற்றிருந்தது. கலிபோர்னிய அரசு சிறு தோட்டத் தொழில்களின் கருவி மாற்றத்துக்காக 3 கோடி டாலர் ஒதுக்கியது. கொலராடோ, தடைக்குப் பதிலாக, 2024 முதல் மின் தோட்டக் கருவிகளுக்குக் கடையிலேயே 30 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது. இவை நல்ல முயற்சிகள், ஆனால் கலிபோர்னியாவின் ஒதுக்கீட்டை அங்குள்ள 1.67 கோடி சிறு எஞ்சின்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஓர் எஞ்சினுக்கு இரண்டு டாலர்கூட வராது. தொழில்முறைக் கருவிகள் அதில் ஒரு பகுதிதான் என்றாலும், மீதிச் செலவு யாருடைய பையிலிருந்து வரும் என்பது தெளிவாகவே தெரிகிறது.

சருகையே ஊதாமல் விடலாம் என்ற வாதமும் உண்டு. புல்வெளி ஓரத்திலும் மரத்தடியிலும் அது முழுக்கப் பொருந்தும். மின்மினி உட்படப் பல பூச்சிகள் சருகுக்கடியில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019இல், தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் புளோயரைப் பயன்படுத்துமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது இதற்காகத்தான். நடைபாதையையும் டிரைவ்வேயையும் மட்டும் சுத்தம் செய்யச் சொன்னால் ஊதும் பரப்பு பாதியாகிவிடும், தேவைப்படும் பேட்டரியும் பாதியாகிவிடும்.

ஆட்களை வைத்து முற்றம் சுத்தம் செய்யும் வீட்டுக்காரர், பேட்டரிக் கருவிதான் வேண்டும் என்று கேட்பது நியாயமானது. அப்படிக் கேட்கும்போது மாதக் கட்டணத்தில் அதற்கான தொகையையும் சேர்த்துப் பேச வேண்டும். வீட்டுக்கு வெளியே, வாசல் சுவரில், மழைமூடி போட்ட மின்செருகி ஒன்று அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கிறது. வேலை நடக்கும் நேரத்தில் அதில் அவர் தன் பேட்டரியைச் சொருகி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாம். 280 வாட்-மணிப் பேட்டரியை முழுதாக ஏற்ற ஆகும் மின்சாரம், ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.